ஒரு பல் தள்ளி

அத்திமூரைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறுகிற ரோட்டில், மூன்றாவது வளைவு வரைக்கும் எங்கள் கார் ஒழுங்காகத்தான் போகும். அதற்கு மேல் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மிதித்த மாதிரியே இருக்காது. சத்தம் வரும், வேகம் வராது. பின்னால் பால் வண்டிக்காரர் ஹார்ன் அடிப்பார். பக்கத்து சீட்டில் என் மகள் வாட்ச்சைப் பார்க்காமல் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவாள். வாட்ச்சைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் மலை மேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. முதல் வேலை. சாயங்காலம் இறங்கி வர பஸ் உண்டு. காலையில் ஏறுகிற பஸ், டூட்டி ஆரம்பித்த பிறகுதான் மேலே போய்ச் சேரும். அதனால் திருவண்ணாமலையில் இருந்து விடியற்காலையில் கிளம்பி நான் கொண்டுபோய் விடுவேன். அங்கேயே தங்க குவார்ட்டர்ஸ் இருக்கிறது. என் மனைவி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு அதை அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். காட்டி முடித்த கையோடு மகளிடம் சொல்லிவிட்டாள்.

"கார் ஏறுற வரைக்கும் வேலைக்குப் போ. கார் நின்னுச்சுன்னா வேலையும் நிக்கணும். வயசுப் பொண்ணைக் காட்டுல தனியா விட்டுட்டு இங்க எனக்குத் தூக்கம் வராது."

மகள் "சரிம்மா" என்றாள். அவள் எதற்கும் சட்டென்று மறுப்பு சொல்கிற பிள்ளை இல்லை.

ஆகவே கார் இழுக்காமல் போனபோது என்ன நிற்கப்போகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அந்த மாதம் அவள் பல நாள் லேட். டாக்டரம்மா கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் மேலதிகாரிக்கு எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். நானும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். தேரடித் தெருப் பக்கம் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், சாம்பிராணி, சந்தனம், குங்குமம், திரி, நெய் விளக்கு, கட்டின பூ. இஞ்சினுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் எதையாவது யாராவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால் என்னால் அந்தப் பக்கம் பார்க்காமல் போக முடியாது. கோயில் கடிகாரத்தை ரிப்பேர் செய்கிறார்கள் என்றாலும் போய் நிற்பேன். பூட்டைப் பிரித்தாலும் நிற்பேன். கடையைப் போட்டுவிட்டு எங்கே போய்விட்டீர்கள் என்று என் மனைவியிடம் பல தடவை பேச்சு வாங்கியிருக்கிறேன்.

போளூர் ரோட்டில் ஒரு மெக்கானிக் தம்பி ஷெட் போட்டிருக்கிறார். எங்கள் காருக்கு எல்லாம் அவர்தான். ஆயுத பூஜை சமயத்தில் டைமிங் பெல்ட் மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அவரிடம் போய் வளைவு விஷயத்தைச் சொன்னேன்.

"பிளாட்டுல எப்படிண்ணா ஓடுது?"

"பிளாட்டுல ராஜா மாதிரி ஓடுது தம்பி. கிரிவல ரோட்டைச் சுத்தி வந்தா ஒரு குறை சொல்ல முடியாது."

"மலையில மட்டும் மூச்சு வாங்குதா?"

"மூச்சு வாங்கினாதான் பரவாயில்லையே. மூச்சே வரலை."

அவர் சிரித்துவிட்டு, டர்போ பக்கம்தான் ஏதோ என்றார். எனக்கு டர்போ என்பது காரின் முதுகில் எழுதியிருக்கிற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கேட்டேன். அவர் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இஞ்சினில் எரிந்து முடிந்த புகை சைலன்சர் வழியாகச் சும்மா போகாமல், போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அதே அச்சில் மறுபக்கம் இன்னொரு சக்கரம். இது சுற்றினால் அதுவும் சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். காற்று ஜாஸ்தி போனால் டீசல் ஜாஸ்தி எரியும், பலம் வரும். அந்தத் தள்ளுகிற அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட்.

வேண்டாம் என்று வெளியே போகிற புகையிடம் இருந்து வேலை வாங்கியிருக்கிறான் மனிதன். இத்தனை வருஷம் காரில் உட்கார்ந்துகொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று தோன்றியது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் இதைச் சொன்னேன். பூ வாங்க வந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முழம் எவ்வளவுங்க?" என்றார்.

அடுத்த நாள் மெக்கானிக் என்கூட மலைக்கு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவைச் சொருகி, அதில் தெரிவதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு எண்கள். ஒன்று, இஞ்சின் கேட்கிற காற்று. இன்னொன்று, அதற்கு வந்து சேர்கிற காற்று. அடிவாரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மேடு ஏற ஏறக் கேட்பது மட்டும் மேலே போனது, வருவது அங்கேயே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? கேக்குது, கிடைக்கலை. எங்கயோ காத்து ஒழுகுது."

ஒழுகுகிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் புகை விடுகிற மிஷின் வைத்திருக்கிறார்களாம். காற்றுப் போகிற பாதையை அடைத்துவிட்டு உள்ளே புகையை விட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் அது வெளியே வந்துவிடும். அவரிடம் அந்த மிஷின் இல்லை. காலி ஆயில் டின் ஒன்றை எடுத்து மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்பையும் இன்னொன்றில் ரப்பர் டியூபையும் செருகினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, உங்க கடையில சாம்பிராணி இருக்குமில்ல?"

என் மனைவியே எடுத்து வந்தாள். கப் சாம்பிராணி வேண்டாம், புகை பத்தாது என்று கரியும் கட்டி சாம்பிராணியும் கொண்டு வந்தாள். டின்னுக்குள் கரியைப் பற்றவைத்துச் சாம்பிராணியைப் போட்டு மூடி, நான் பம்ப் அடித்தேன். ஷெட் முழுக்க மார்கழி மாதத்துப் பூஜை அறை மாதிரி மணத்தது. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாப்பா, வண்டிக்குப் பேய் ஓட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"வெள்ளிக்கிழமைகூட நம்ம வீட்ல இவ்ளோ போட்டதில்ல" என்றாள் என் மனைவி.

கொஞ்ச நேரத்தில் முன் பம்பருக்குப் பின்னால், கீழே, ஒரு ரப்பர் குழாயின் மடிப்பில் இருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. நான் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். நகம் அளவு விரிசல். கண்ணுக்குத் தெரியாத காற்றைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. மெக்கானிக்கும் சந்தோஷமாகக் குழாயை மாற்றினார்.

மறுநாள் மகளை ஏற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது வளைவு தாண்டியது. நான்கும் தாண்டியது. "ஏறுதுப்பா" என்றாள். ஐந்தாவது வளைவில் மழை ஈரத்தில் ஒரு லாரிக்காக நின்று, மறுபடி எடுக்கும்போது பழைய கதை. அன்றைக்கும் லேட். டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினாராம்.

இனிமேல் மறைக்க முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு ஒரு முடிவு சொன்னாள். அங்கே ஒரு மூத்த நர்ஸம்மா குவார்ட்டர்ஸில் இருக்கிறார், அவரோடு மகள் ஒரு வாரம் தங்கட்டும். அந்த வாரத்துக்குள் கார் சரியாக வேண்டும். ஆகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"ஒரு வாரம்தாங்க. அதுக்கு மேல என்னால முடியாது."

அவள் பிடிவாதக்காரி இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் சொல்கிற கெடுவை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

காரை ஷெட்டிலேயே விட்டேன். மெக்கானிக் கைகளைத் துடைத்துக்கொண்டே, டர்போவையே கழற்றி மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். போய் வர ஒரு வாரம் பத்தாது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் கோயிலுக்குப் போய்க் கும்பிடும்போது, இந்த வாரம் நான் கேட்டது வினோதமான வரம். அப்பனே, சரி பண்ணிக் கொடு என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடு என்றுதான் கேட்டேன். எனக்கே சிரிப்பாக இருந்தது.

மகள் தினமும் மத்தியானம் போன் பண்ணுவாள். அவளிடம் நிலவரத்தைச் சொன்னேன். குழாயை அடைத்தோம், பிரஷர் கொஞ்சம் ஏறியது, ஆனால் முழுசாக வரவில்லை என்று.

"எங்ககிட்ட ஒருத்தர் பிரஷர் கம்மின்னு வந்தா ரெண்டு பாப்போம்பா" என்றாள். "ரத்தம் எங்கயாவது போகுதான்னு பாப்போம். இல்லன்னா நாடி ஒழுங்கா அடிக்குதான்னு பாப்போம். நீங்க ஒழுகுறதை மட்டும்தான் பாத்திருக்கீங்க."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். காருக்கு நாடி எது?

சாயங்காலம் மெக்கானிக்கிடம் இதை அப்படியே கேட்டேன். கேட்டதோடு நிற்காமல், எனக்கு மனசில் உறுத்திக்கொண்டிருந்த இன்னொன்றையும் கேட்டேன்.

"தம்பி, இப்பல்லாம் காலையில ஸ்டார்ட் ஆகவும் லேட்டாகுது. முன்னெல்லாம் சாவியைத் தொட்டதும் பிடிச்சுக்கும். டர்போ கெட்டா ஸ்டார்ட்டிங்கும் லேட்டாகுமா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எப்பலேர்ந்துண்ணா?"

"நீங்க பெல்ட் மாத்திக் கொடுத்ததுலேர்ந்து."

"பெல்ட்டை நானே என் கையால போட்டேன்."

"அதான் தம்பி உங்களைக் கேக்கறேன். வேற யாரைக் கேக்கறது?"

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. எந்தக் கைவேலைக்காரருக்கும் இந்தக் கேள்வி பிடிக்காது. எழுந்து போய் வேறு ஒரு வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். "டர்போவுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் சம்பந்தம் இல்லண்ணா" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

கழற்றிக்கொண்டே நாடி விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தார். இஞ்சினில் கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம். இரண்டையும் பல் வைத்த பெல்ட் ஒன்று கட்டிப் போட்டிருக்கிறது. கீழ்ச் சக்கரம் பிஸ்டனோடு சுற்றுகிறது. மேல் சக்கரம் காற்று வருகிற கதவையும் புகை போகிற கதவையும் திறந்து மூடுகிறது. பிஸ்டன் இறங்குகிற அதே நேரத்தில் காற்றுக் கதவு திறக்க வேண்டும். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால் எல்லாம் ஒரு வினாடியில் துளி அளவு பிந்தும். வண்டி ஓடும். ஆனால் முழு மூச்சு எடுக்காது. மூச்சு கம்மியானால் புகை கம்மி. புகை கம்மியானால் டர்போ சக்கரம் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் பூஸ்ட் வராது.

எனக்கு உடனே புரிந்தது. பக்தர்கள் எல்லாம் வந்து நிற்கிறார்கள், நடை இன்னும் திறக்கவில்லை. திறக்கும்போது பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். அப்படியென்றால் டர்போ பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. அதற்குக் கொடுக்க வேண்டியதை நாம்தான் கொடுக்கவில்லை.

மேல் மூடி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"அண்ணா, இங்க வாங்க."

பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்தில் எந்தப் பல் எங்கே இருந்தது என்று மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். இதற்கென்று சக்கரம் அசையாமல் பிடிக்கிற லாக் பின் உண்டாம். கை பழகிவிட்டதால் அவர் புள்ளியையே நம்புகிறவர். இப்போது அந்தச் சக்கரத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று மங்கி, பாதி கரைந்து போன மஞ்சள். அதற்கு அடுத்த பல்லில், நன்றாகத் தெரிகிற மாதிரி, மொத்தையாக இன்னொரு மஞ்சள். பெல்ட் அந்த இரண்டாவதற்கு நேராகப் போடப்பட்டிருந்தது.

"நான் ரெண்டு வைக்கலையே" என்றார்.

நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் மாதிரி உரியவில்லை, பொடியாக உதிர்ந்தது. பொடிக்கு நடுவில் லேசாகச் சிவப்பு. விரலை என் மூக்குப் பக்கம் நீட்டினார். முகர்ந்து பார்க்கவே வேண்டாம். எங்கள் கடைச் சந்தனம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஞாபகம் வந்தது. பெல்ட்டும் கூட வரவேண்டிய சாமானும் மெட்ராஸில் இருந்து வரத் தாமதமாகி, ஆயுத பூஜை அன்றைக்குக் கார் பிரித்த நிலையிலேயே ஷெட்டில் நின்றது. முந்தின நாள் மெக்கானிக் எல்லாவற்றையும் டீசல் விட்டுத் துடைத்திருக்கிறார், அதில் அவர் வைத்த புள்ளி கரைந்திருக்கிறது. ஷெட் பூஜையில் எல்லா வண்டிக்கும் பானெட்டில் ஒரு பொட்டு வைத்தார்கள். என் மனைவிக்கு அது போதவில்லை. நம் வண்டி, பிள்ளை தினமும் மலை ஏறுகிற வண்டி, உடம்பு பிரிந்து கிடக்கிறது, வருஷத்துக்கு ஒரு நாள் அதற்குச் சரியாகச் செய்ய வேண்டாமா என்று கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போனாள். பேட்டரிக்கு, ஆயில் மூடிக்கு, கண்ணில் பட்ட ஒவ்வொரு உருப்படிக்கும் பொட்டு வைத்தாள். நான் பக்கத்தில் தட்டு பிடித்துக்கொண்டிருந்தேன். லீவு முடிந்து வந்த மெக்கானிக் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, மஞ்சள் தெரிந்த இடத்தைத் தன் புள்ளி என்று நினைத்துப் பெல்ட்டை மாட்டியிருக்கிறார்.

மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். பிறகு அவர்தான் சிரித்தார்.

"கலப்பட சந்தனமா இருந்திருந்தா அன்னிக்கே உதிர்ந்திருக்கும்ணா."

"கடை பேரைக் கெடுக்காம இருந்திருக்கு" என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள். "சாமிக்குன்னு வெச்சது எப்படிங்க தப்பாப் போகும்?" என்று கேட்டாள். மறுநாள் மெக்கானிக்கே அவளிடம் பேசினார்.

"அண்ணி, பொட்டு ஒண்ணும் தப்பில்ல. பெயிண்டா சந்தனமான்னு தொட்டுப் பாக்காதது என் தப்பு. இனிமே நான் பின் போட்டுத்தான் கழட்டுவேன்."

"தொட்டாதான் தம்பி தெரியும். பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அவள். அது அவருக்குச் சொன்ன ஆறுதலா, தனக்கா என்று தெரியவில்லை.

லாக் பின்னை ஒரு நண்பரிடம் வாங்கி வந்து, சக்கரங்களை அசையாமல் பிடித்து, பெல்ட்டை அதன் இடத்தில் உட்காரவைத்தார். சாவியைத் திருப்பினேன். திருப்பி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் தனியாகக் கிளம்பினேன். அடிவாரத்துப் பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு ஏறினேன். மழை பெய்து விட்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இப்போது புகை முதல் சக்கரத்தைச் சுழற்றுகிறது, இப்போது அடுத்தது காற்றைத் தள்ளுகிறது, இப்போது கதவு திறக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனதில் எத்தனை வளைவு தாண்டினேன் என்றே பார்க்கவில்லை. மேலே போய் நின்றபோது, அதற்குள்ளாகவா என்றிருந்தது.

மகள் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிடுச்சாப்பா?"

"கேக்கவே வேணாம். எங்கயும் முக்கலை."

சந்தனக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து மறுபடி ஒரு துணியை மடித்தாள். அவள் பெட்டி கட்டியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அப்பா, நான் இங்கயே தங்கிக்கட்டுமா? சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ. இந்த வாரம் மட்டும் நாளைக்கு டூட்டி இருக்கு."

"வண்டிதான் சரியாயிடுச்சேம்மா."

"அதனாலதான்பா இப்பக் கேக்கறேன். வண்டி கெட்டிருக்கறப்ப கேட்டா, வேற வழி இல்லாம இருக்கேன்னு அம்மா நினைக்கும்." அடுத்த துணியை எடுத்தாள். "வியாழக்கிழமை ராத்திரி பிரசவ வலியில ஒரு பொண்ணை டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. நான் கீழ வந்துட்டிருந்தா நர்ஸ் அக்கா ஒருத்தரே கிடந்து பாத்திருக்கணும். குழந்தை நல்லா இருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போறாங்க."

நர்ஸம்மா எனக்கு டீ கொடுத்தார். அறையைக் காட்டினார். இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலில் கம்பி உறுதியாக இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். இஞ்சினுக்குள் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட நான், இவளிடம் ஒரு வாரமாக எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன், என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?" என்றேன்.

"நீயே சொல்லிடுப்பா."

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மனைவி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். குனிந்து பின் சீட்டைப் பார்த்தாள். பக்கத்து சீட்டையும் பார்த்தாள்.

"வண்டி சூப்பரா ஏறுச்சு" என்றேன். "ஒரு இடத்துலயும்…"

"வண்டியையா கேட்டேன்?"

சொன்னேன். மகள் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், டோலியில் வந்த பெண், குழந்தை, வண்டி கெட்டிருக்கும்போது கேட்காத காரணம், எல்லாம். அவள் கார் கதவைப் பிடித்தபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்ன குழந்தை?" என்றாள்.

"அதைக் கேக்க மறந்துட்டேன்."

"எதையெதையோ கேப்பீங்க, இதைக் கேக்க மாட்டீங்க." உள்ளே போனாள். சமையல் கட்டில் டப்பாக்கள் நகர்கிற சத்தம் கேட்டது. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் பாட்டில் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"திங்கக்கிழமை என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. அந்த ரூமை நான் பாக்கணும். கட்டிலுக்கு மெத்தை ஒண்ணும் எடுத்துக்கணும். ஏங்க, ரெண்டு பேரும் இவ்ளோ சாமானும்னா ஏறிடுமா?"

ஏறும் என்றேன்.